ரவுண்டு சார் இளைத்த கதை

கடையில் அவருக்கு ‘ரவுண்டு சார்’ என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். ஆறு மாடித் துணிக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தவர், அந்த நிறுவனத்தின் கிளைகள் அத்தனைக்கும் பொறுப்பாளராகி ஓய்வு பெற்றார். அறைக்குள் உட்கார்ந்து உத்தரவு போடுகிற பழக்கம் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. கதவு திறப்பதற்கு முன்னால் ஒரு சுற்று, கூட்டம் நெரியும்போது ஒரு சுற்று, விளக்கு அணைப்பதற்கு முன் ஒரு சுற்று. பில் போடும் இடத்தில் நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் வருவதற்குள் பக்கத்துக் கவுன்ட்டரைத் திறக்க வைத்துவிடுவார். ஓய்வுக்குப் பிறகு சுற்றுவது நின்றது, உடம்பு சுற்றளவில் வளர்ந்தது.

“இப்பத்தான் அந்தப் பேரு உங்களுக்குப் பொருத்தமா இருக்கு,” என்றாள் அவர் மனைவி.

ஊர் முழுக்க விடுமுறை எடுக்கிற நாளில்தான் கடையில் வேலை அதிகம். ஆகவே அந்த வீட்டில் பிறந்தநாள்கள் எல்லாம் வியாபாரம் மந்தமாக இருக்கும் வாரத்துக்குத் தள்ளிப்போகும். மகன் சின்ன வயதில் தன் பிறந்த தேதியைத் தப்பாகவே எழுதிக்கொண்டிருந்தான். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வராத நாள் இல்லை. வந்து, எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டு, பள்ளிக்கூடக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, மறுபடி கடைக்குப் போவார். கடல் கடந்து தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னபோது, “பையன் பரீட்சை எழுதணும்” என்று ஒரே வரியில் மறுத்தார். அந்தப் பதவிக்கு வேறு ஒருவர் போனார். அதைப் பற்றி வீட்டில் அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கம்பெனி கார், கம்பெனி டிரைவர் என்றே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற அன்று டிரைவர் வாசலில் இறக்கிவிட்டு, கும்பிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதும், தெருவில் பெட்டியோடு கொஞ்ச நேரம் நின்றிருந்தார். அதைப் பார்த்த மருமகள் சிரித்துவிட்டாள்.

“மாமா, திங்கட்கிழமையிலிருந்து நீங்க என் ஸ்டூடன்ட்.”

மருமகள் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள். ஆள் ஒடிசல், குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். பெரிய பெரிய அதிகாரிகளையெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதட்டி அதட்டியே பழக்கம். மாமனார் என்றும் பார்க்கவில்லை.

“ஏன் எல்லாருக்கும் வழி விடறீங்க? எதிர்ல வர்றவர் உங்க கஸ்டமரா? இப்படியே விட்டுக்கிட்டிருந்தா நாம எப்ப வீடு போய்ச் சேர்றது?”

அவர் ஜன்மத்தில் அவ்வளவு திட்டு வாங்கியதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் இல்லை. லைசென்ஸ் கிடைத்த அன்று வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போனார். நடந்தே போகிற தூரம்தான். ஆனாலும் போனார்.

மருமகளுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் இருப்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அவளுடைய அம்மாவுக்கும் அதுவே இருந்தது. அண்ணனுக்கும் இருந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டு, அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பேத்தி பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போனபோது நிலைமை மோசமானது. கால் வீங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆயிற்று. அப்போதும் விடவில்லை. ஒரு நாள் ஊசி, மறுநாள் வகுப்பு.

கற்றுக்கொடுக்கும் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஒரு நாள் நாற்சந்தியில், ஓட்டிக்கொண்டிருந்த பெண் தடுமாறியபோது, மருமகளின் கால் அந்தப் பிரேக்கைத் தேடிப் போகச் சற்றுத் தாமதமாகிவிட்டது. பஸ்காரர் சுதாரித்து நிறுத்தியதால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் வீட்டுக்கு வந்து, கார் சாவியைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள்.

“இனிமே நான் கத்துக்குடுக்கல. அடுத்தவங்க உயிரோட விளையாட முடியாது.”

சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. பேத்திகூடக் கதவை மெதுவாகச் சாத்தப் பழகிக்கொண்டாள். ரவுண்டு சாரால் அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார்கள். வீட்டில் ஒன்றைக் கொடுக்க முடிந்தவர்கள் யார் என்று பார்த்தால், மகனின் ரத்த வகை சேரவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை. அவளுடைய அண்ணனோ அவளைப் போலவே வைத்தியத்தில் இருந்தார். இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிந்தாகிவிட்டது, ஆனால் முன்னால் நிற்பவர்கள் ஏராளம்.

“நான் டெஸ்ட் பண்ணிப் பாக்குறேன்,” என்றார் ரவுண்டு சார், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே.

மருமகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “வேணாம் மாமா.”

“பொருந்துதான்னு மட்டும்...”

“வேணாம்னா வேணாம். நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அத்தை முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

அத்தைக்காரி குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். “என் முகத்தை ஏன் இதுல இழுக்குறே?” என்று மட்டும் சொன்னாள்.

வாங்காமல் போகிறவரை வழிமறிக்காதே என்பது கடையில் அவர் புதிய ஆட்களுக்குப் போட்ட முதல் விதி. அதை இப்போது தானே கடைப்பிடித்தார். மருமகளிடம் மறுபேச்சுப் பேசவில்லை. மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு சிறுநீரக டாக்டரைப் போய்ப் பார்த்தார். டாக்டர் கறாரான பெண்மணி. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. ரத்தமும் ஒத்துப்போகுது.”

“அப்புறம் என்ன டாக்டர், நாள் குறிச்சுடுங்க.”

“இந்தத் தொப்பையோட உங்களை மேசையில படுக்க வைக்க மாட்டேன். பிரஷரும் கூட இருக்கு. ரெண்டையும் குறைச்சுக்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.”

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி சொன்னாள்: “குடுங்கன்னும் நான் சொல்ல மாட்டேன், குடுக்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன். அது உங்க உடம்பு. ஆனா எண்ணெயில பொரிச்சது இனி இந்த வீட்டுக்குள்ள வராது.” உள்ளே போய் அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். அதுதான் அவள் சம்மதம் என்று அவருக்குப் புரிந்தது.

நடப்பது என்று முடிவானது. எங்கே நடப்பது? மழைக்காலம். தெருவெல்லாம் குழாய் போடத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இரண்டாம் நாளே வழுக்கி விழப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குக் கடை ஞாபகம் வந்தது. ஆறு மாடி, சமதளம், மேலே கூரை.

புதிய மேலாளர் இளைஞர். ஒரு காலத்தில் இவரிடம் வேலை கற்றவர்தான். விஷயத்தைக் கேட்டதும், “தாராளமா வாங்க சார். கடை திறக்குறதுக்கு முன்னாடி எவ்வளவு வேணாலும் நடங்க,” என்றார்.

ஆக, அதிகாலையில் மீசைக்காரக் காவலாளி பின்கதவைத் திறந்துவிடுவார். ரவுண்டு சார் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு உள்ளே நுழைவார். பாதி விளக்கு எரியும். பொம்மைகள் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓடாமல் நிற்கும் எஸ்கலேட்டரில் ஏறி, மாடி மாடியாகச் சுற்றி, மறுபக்கப் படியில் இறங்குவார். முதல் வாரம் மூன்றாவது மாடியிலேயே மூச்சு முட்டி, குழந்தைகள் பிரிவில் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே எழுந்தது. காவலாளி வந்து பிடித்து இழுத்துத்தான் விடுவித்தார்.

நடப்பதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. போகிற வழியில் கலைந்த சட்டையை மடித்து வைப்பார். கோணலாக நிற்கும் பொம்மையை நேராக்குவார். ஒரு நாள் போர்வை அடுக்கையே இடம் மாற்றிவிட்டார். புதிய மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. நடக்கத்தான் பர்மிஷன்.”

“மன்னிச்சுக்கோப்பா. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“கையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடங்க சார்.”

அப்படியே செய்தார். பத்திருபது நாளில் பேச்சுப் பரவிவிட்டது. மருமகளுக்காக நடக்கிறார் என்று தெரிந்ததும், காலை முறைக்கு வரும் விற்பனைப் பெண்கள் இரண்டு பேர் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு தையல் பிரிவு ஆள் வந்தார். பிறகு காவலாளியே வந்தார். “கதவை யார் பாத்துக்குறது?” என்று கேட்டதற்கு, “பூட்டிட்டுத்தான் வந்தேன் சார்” என்றார். கடை திறப்பதற்கு முன்னால் ஒரு ஊர்வலம் போல அவர்கள் ஆறு மாடியும் ஏறி இறங்குவார்கள். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. அப்புறம் பெல்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

இது மருமகள் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு நாள் காலை, டயாலிசிஸ் இல்லாத நாள், அவள் கடையின் பின்கதவில் வந்து நின்றாள். ஊர்வலம் நான்காவது மாடியில் இருந்தது. கீழிருந்தே கூப்பிட்டாள்.

“மாமா!”

எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட பழைய குரல். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ரவுண்டு சார் மட்டும் காவலாளியிடம் சாவியை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்து கதவைத் திறந்தார். செருப்புப் பிரிவில் அளவு பார்க்கப் போட்டிருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“நான்தான் வேணாம்னு சொன்னேனே.”

“நீ வேணாம்னு சொன்னது கிட்னியை. நடக்குறதை இல்லையே.”

“விளையாடாதீங்க மாமா. நிஜமாச் சொல்லுங்க, எதுக்கு இதெல்லாம்?”

ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசியவர். இப்போது ஷூ கயிற்றை அவிழ்த்தார், கட்டினார்.

“வீட்ல யாரும் என்னைத் திட்ட மாட்டேங்குறாங்கம்மா,” என்றார் கடைசியில். “உங்க அத்தை பேசாமயே காரியத்தை முடிச்சுடுவா. உன் புருஷனுக்கோ அதிர்ந்து பேச வராது. நேத்து நான் வண்டியை வளைவுல கொண்டுபோய் நிறுத்தினேன். யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு எப்படியோ ஆயிடுச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

“எனக்குப் பொண்ணு இல்லை,” என்றார் அவர். “நீ வந்தப்புறம் அது எனக்கு ஞாபகமே வந்ததில்லை. அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது.”

அவள் எதிரில் தனியாகக் கிடந்த ஒரு செருப்பை எடுத்து அதன் ஜோடியோடு சேர்த்து வைத்தாள்.

“வளைவுலயா நிறுத்துனீங்க?” என்றாள் பிறகு. “எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!”

“சொல்லியிருக்கே.”

“சரி. ஒரு கண்டிஷன். ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் சொல்றதைக் கேக்கணும். டாக்டர் வேணாம்னு சொல்ற எதையும் தொடக் கூடாது. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்னு பொய் சொல்லக் கூடாது.”

“சரிம்மா.”

“சத்தியமா?”

“உன் காரு மேல சத்தியமா.”

மேலே படிக்கட்டில் சாய்ந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஊர்வலம் கை தட்டியது.

எடை இறங்கியதில் டாக்டருக்குத் திருப்தி. ஆனால் பிரஷர் மட்டும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே காட்டியது. வீட்டில் பார்த்தால் சரியாக இருக்கும், மருத்துவமனையில் பார்த்தால் எகிறும். கடைசியில் ஒரு முழு நாள் கையிலேயே கட்டிக்கொண்டிருக்கும் கருவியை மாட்டி அனுப்பினார்கள். அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டார்.

“நாள் பூரா நல்லா இருந்திருக்கு. இங்க வந்து ஓ.பி. சீட்டு வாங்க நின்னப்போ மட்டும் மேல போயிருக்கு. ஆஸ்பத்திரின்னா பயமா?”

ரவுண்டு சார் தயங்கினார். “பயமெல்லாம் இல்ல டாக்டர். அந்த வரிசை...”

“எந்த வரிசை?”

“சீட்டு வாங்க நாலு ஜன்னல் இருக்கு. ஒண்ணைத்தான் திறந்து வெச்சிருக்காங்க. முடியாதவங்க எல்லாம் நின்னுக்கிட்டே இருக்காங்க. பாக்கப் பாக்க எனக்கு ரத்தம் கொதிக்குது டாக்டர்.”

டாக்டர் சிரிப்பதை அன்றுதான் அவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். “கொதிக்குறது கருவியில தெரியுது,” என்றார். “முதல்ல உங்க கிட்னியை முடிச்சுக்கலாம். வரிசையை அப்புறம் பாத்துக்கலாம்.”

ஒப்புதல் தரும் குழு ஒன்று இருந்தது. கொடுப்பவரையும் வாங்குபவரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“உங்களை யாராவது நிர்பந்தப்படுத்தினாங்களா?” என்று கேட்டார் குழுவின் தலைவர்.

“ஆமாங்க, என் மருமக.”

குழு நிமிர்ந்து உட்கார்ந்தது.

“குடுக்கக் கூடாதுன்னு நிர்பந்தப்படுத்தினா. சமாளிச்சுட்டேன்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அறுவை சிகிச்சை நாளன்று அவரை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி மனைவியின் கையைப் பிடித்தார். “போயிட்டு வாங்க,” என்றாள், கடைக்குப் போகிறவரிடம் சொல்வதைப் போலவே. வண்டி கதவுக்குள் மறைந்த பிறகுதான் சுவரில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் மருமகளையும் கொண்டுபோனார்கள். மகன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் கை கழுவுவது எப்படி என்று ஒரு படம் இருந்தது. இரண்டு பேரும் அதையே படித்துக்கொண்டிருந்தார்கள். தாயும் மகனும் அன்று கற்றுக்கொண்ட ஒரே விஷயம் கை கழுவுவதுதான்.

மத்தியானம் தாண்டியதும் கதவு திறந்தது. அறுவை மருத்துவர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

“அவர் நல்லா இருக்கார்.”

“அவ?” என்று எழுந்தாள் மாமியார்.

“ரத்த ஓட்டத்தைத் திறந்துவிட்டதுமே கிட்னி இளஞ்சிவப்பா ஆயிடுச்சு. மேசையிலயே சிறுநீர் வந்துடுச்சும்மா!”

“வந்துடுச்சா?”

“நல்லா வந்துடுச்சு.”

அதிர்ந்து பேசத் தெரியாத மகன், அந்த நடைபாதையே திரும்பிப் பார்க்கும்படி, “அம்மா, யூரின் வந்துடுச்சும்மா!” என்று கத்தினான். முன்பின் தெரியாத ஒரு கிழவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமியார் கைப்பேசியை எடுத்து, அக்காவுக்கு, தங்கைக்கு, மருமகளின் அண்ணனுக்கு, கடை மேலாளருக்கு என்று வரிசையாகக் கூப்பிட்டு இதே செய்தியைச் சொன்னாள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவள் அவள். அன்று சொல்லிச் சொல்லித் தீரவில்லை.

மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது ரவுண்டு சாருக்கு விலா ஓரம் நெருப்பாய் எரிந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. மனைவியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. கேள்வி கேட்க முடியவில்லை. அவள் குனிந்து காதோரம், “வந்துடுச்சு,” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது.

இரண்டொரு நாளில் எழுந்து நடக்கச் சொன்னார்கள். சலைன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை அணைத்தபடி, மருமகள் இருந்த தனியறை வரை போனார். உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இருந்த வீக்கமும் கருமையும் இறங்கி, வேறு ஆள் போல இருந்தாள். அவரைப் பார்த்ததும் விரலை நீட்டி ஏதோ சொன்னாள். கண்ணாடியைத் தாண்டிக் கேட்கவில்லை. நர்ஸ் வெளியே வந்து சொன்னார்: “சார், கூன் போடாம நேரா நிக்கணுமாம். இல்லாட்டி முதுகு பிடிச்சுக்குமாம்.”

அவர் நேராக நின்றார்.

மருந்துகள், முகக்கவசம், கூட்டத்துக்குப் போகக் கூடாது என்ற தடை, இடையில் ஒரு காய்ச்சல், அதற்காக மறுபடி மருத்துவமனை, எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் தாண்டினாள். பேத்தி கதவை மறுபடி அறைந்து சாத்தத் தொடங்கினாள். அதற்காக மறுபடி திட்டு வாங்கத் தொடங்கினாள். டாக்டர் தலையாட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மருமகள் காரின் மேலுறையைக் கழற்றி, தூசி தட்டி, டயருக்குக் காற்று அடித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“முதல் ஸ்டூடன்ட் யாரு?” என்று கேட்டார் ரவுண்டு சார்.

“நான்தான்,” என்றாள் அவர் மனைவி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் பழகுநர் உரிமத்தோடு அவள் நின்றிருந்தாள். எப்போது விண்ணப்பித்தாள், எப்போது போய் எழுதினாள் என்று யாருக்கும் தெரியாது.

“அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தப்போ நினைச்சேன்,” என்றாள். “ஒரு அவசரம்னா இந்த வீட்ல வண்டி எடுக்க நான் ஒருத்தி வேணாமா?”

மாமியார் ஓட்டும் இருக்கையில், மருமகள் பக்கத்தில். மற்ற மூன்று பேரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வண்டி குலுங்கியது, நின்றது, மறுபடி குலுங்கியது. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் கையைக் காட்டி, “அத்தை, நேரா போங்க. மேம்பாலத்துல ஏத்துங்க,” என்றாள்.

பாலத்தின் ஏற்றத்தில் பாதியில் முன்னால் நெரிசல். பின்னால் லாரி. வண்டி கொஞ்சம் பின்னால் நழுவியது.

“கிளட்சை மெதுவா...” என்று தொடங்கினார் ரவுண்டு சார்.

“நீங்க வாயை மூடுங்க,” என்றார்கள் முன்னால் இருந்த இருவரும் ஒன்றாக.

“அத்தை, கைப்பிரேக்கைப் பிடிச்சுக்குங்க. ஆக்ஸிலேட்டர் குடுங்க. இன்னும், இன்னும்! வண்டி மூக்கைத் தூக்குதா? இப்ப பிரேக்கை விடுங்க!”

முன்னால் வழி திறந்தது. கார் ஒரு நொடி உறுமியபடி நின்றது. பிறகு ஒரு துளிகூட வழுக்காமல் மேலே ஏறியது. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் ஊர் முழுவதும் இரண்டு பக்கமும் விரிந்தது. மாமியார் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சிரித்தாள். பேத்தி ஜன்னலை இறக்கிவிட்டு, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கையாட்டினாள்.